கார்டின் பெயர் கேர்னலுக்குள் இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா?

யாழ்ப்பாணத்தில் பழைய கணினிகளைத் திருத்தி லினக்ஸ் போடுகிற தம்பிமார் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: உள்ளே செருகியிருக்கிற நெட்வொர்க் கார்டின் பெயர் எங்கிருந்து வருகிறது? கார்டுக்குத் தன் பெயர் தெரியாது. தான் யார் என்று காட்ட முக்கியமாக 16 பிட் எண்கள் இரண்டைத்தான் சொல்லும்: தயாரிப்பாளர் எண், சாதன எண். தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்ரெல். எண்ணைப் பெயராக்கும் அட்டவணையை எங்கே வைப்பது என்பதில்தான் கேர்னல்கள் (இயங்குதளங்களின் மையப் பகுதிகள்) பிரிகின்றன.

லினக்ஸில் டிரைவரிடம் (கார்டை இயக்கும் நிரலிடம்) பொதுவாக எண்கள் மட்டுமே இருக்கும். எந்த எண்ணுக்கு எந்த மொடியூலை (தனியாக ஏற்றக்கூடிய டிரைவர் கோப்பை) ஏற்றுவது என்பது அதிலிருந்துதான் முடிவாகிறது. பெயர்கள் பிசிஐ.ஐடிஸ் என்ற தனிக் கோப்பில் இருக்கின்றன, எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை அதைப் படித்துக் காட்டும். லினக்ஸ் 2.4 பதிப்பின் காலத்தில் அந்தப் பட்டியலைக் கேர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டலாம், பிறகு அதை எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு, ஏனென்றால் ஒரு புதுக் கார்டின் பெயருக்காகப் புதுக் கேர்னல் வரும்வரை யாரும் காத்திருக்கத் தேவையில்லை.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் பெயர் அந்தந்த டிரைவரின் அட்டவணையிலேயே, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். வாசிக்க நல்ல வசதி. ஆனால் டிரைவர் இல்லாத கார்டு என்றால் பூட் செய்தியில் (கணினி தொடங்கும்போது வரும் வரிகளில்) 'நெட்வொர்க், ஈதர்நெட்' என்று வகை மட்டும்தான் வரும், அதை வைத்துக்கொண்டு என்ன தேடுவது?

எனக்குப் பிடித்தது ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் வழி. பிசிஐடெவ்ஸ் என்ற ஒரே கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும், ஆக் மொழியில் எழுதிய ஒரு சிறு நிரல் அதிலிருந்து டிரைவர்களுக்கான எண் ஹெடரையும் (எண்களை வரையறுக்கும் கோப்பையும்) பெயர் அட்டவணையையும் தானே உருவாக்கிவிடும் (உருவான கோப்புகளில் கை வைக்கக் கூடாது). கேர்னல் கொஞ்சம் பெரிதாகும், உண்மைதான். ஆனால் டிரைவர் இல்லாத கார்டுக்கும் பூட் ஆகும்போதே பெயரைச் சொல்லி, பக்கத்தில் 'நொட் கொன்ஃபிகர்ட்' (டிரைவர் இணையவில்லை) என்று போடும். நெட்வொர்க் கார்டே வேலை செய்யாத கணினியில் பெயர்ப் பட்டியலை எப்படித் தரவிறக்குவது? அந்த நேரத்தில் இந்த ஒரு வரி பெரிய உதவி.

ரியல்ரெக் 8168 என்ற நெட்வொர்க் சிப் வந்தால் மூன்று வழியுமே தடுமாறும். ஒரே சாதன எண்ணில் பல தலைமுறைச் சிப்புகள் இருக்கின்றன, அதனால் எல்எஸ்பிசிஐ 8111, 8168 என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெயராகக் காட்டும். லினக்ஸின் ஆர்8169 டிரைவர் சிப்பின் ரெஜிஸ்டரை (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடத்தை) வாசித்து, தனக்குள் வைத்திருக்கும் இன்னொரு அட்டவணையில் தேடி, 'ஆர்டிஎல்8168எச்/8111எச், எக்ஸ்ஐடி 541' என்று துல்லியமாக எழுதும் (எக்ஸ்ஐடி என்பது சிப்பின் பதிப்பைக் காட்டும் எண்). டிரைவருக்குள் பெயர் வைப்பது நியாயமாவது இப்படிப்பட்ட இடத்தில்தான். ஆகவே தம்பிமார், இந்தக் கார்டில் பிரச்சினை என்று யாரிடமாவது உதவி கேட்டால் எல்எஸ்பிசிஐ வரியை மட்டும் அனுப்பாமல் எக்ஸ்ஐடி உள்ள பூட் வரியையும் சேர்த்து அனுப்புங்கள்.