‘எட்டு நாட்டு பஃபே’ பலகையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்: சுங்கை சிப்புட் வட்டாரத்தாருக்கு ஓர் எச்சரிக்கை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருப்பவர்கள், குடும்பத்தோடு பஃபே சாப்பிடப் போகும் எண்ணம் இருந்தால் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது முடியும்வரை பெயர் சொல்வது முறையில்லை. ஆனால் அங்கே நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன்.

அம்மா பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்து, எங்களை வளர்த்தவர். தோட்டம் எண்ணெய்ப்பனையான செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப்பழம் பொறுக்கப் போனார். இந்த ஆண்டு 60 வயதில் ஓய்வு பெற்றார். ஒரு வேளையாவது அவர் சமைக்காமல், யாருக்கும் பரிமாறாமல், பிடித்ததை எடுத்து வந்து உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று பிள்ளைகள் எல்லாரும் பணம் போட்டோம். பெரியவர்கள் 10 பேர், சின்னவர்கள் 4 பேர்.

கடை வாசலில் பெரிய பலகை. ஜப்பான், கொரியா, தாய்லாந்து, சீனா, மலாய், வட இந்தியா, செட்டிநாடு, மேற்கத்திய உணவு என்று எட்டு வகை. வேண்டிய அளவு சாப்பிடலாம், ஆளுக்கு 38.90 வெள்ளி (ரிங்கிட்), 12 வயதுக்குக் கீழ் பாதி விலை. சால்மன் மீனும் ஆட்டுக்கறியும் படமாகப் போட்டிருந்தது. சனிக்கிழமைக்கும் இதே விலைதானா என்று வாட்ஸ்அப்பில் கேட்டோம். “அதே விலைதான் அக்கா” என்று பதில் வந்தது. 200 வெள்ளி முன்பணம் அனுப்பினோம். கணக்குப்படி மொத்தம் 466.80 வெள்ளி வர வேண்டும்.

சொன்ன நேரத்துக்குப் போய் நின்றோம். மேசை தயாராகவில்லை என்று வாசலிலேயே நிற்க வைத்தார்கள். உள்ளே விட்டபோதுதான் ஒன்றரை மணி நேரம்தான் உட்காரலாம் என்றார்கள், அதுவும் பதிவு செய்த நேரத்திலிருந்து கணக்காம். வாசலில் நின்றது எங்கள் தலையில் விழுந்தது. அப்புறம் பிள்ளைகளைச் சுவரில் ஒட்டியிருந்த அளவுகோலில் நிற்க வைத்தார்கள். 120 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரியவர் விலை. பலகையில் வயது, உள்ளே உயரம். ஒன்பது வயதுப் பையனும் பத்து வயதுப் பெண்ணும் பெரியவர்களாகிவிட்டார்கள். வேண்டாம், போகிறோம் என்றால் முன்பணம் திரும்பாது. அம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு நிற்கிறார். உட்கார்ந்தோம்.

இப்போது அந்த எட்டு நாடுகளைப் பற்றிச் சொல்கிறேன். வரிசையின் முதலில் பொரித்த சோறு, மீ கோரேங் என்ற பொரித்த நூடுல்ஸ், மீஹூன் என்ற அரிசிச் சேமியா, உருளைக்கிழங்கு. தட்டை எடுத்தவுடன் கை அங்கேதான் போகும், பாதி வயிறு அதிலேயே நிறைந்துவிடும். கொரியா, சீனா, தாய்லாந்து மூன்றுக்கும் ஒரே பொரித்த கோழி. ஒன்றில் இனிப்புச் சாறு, ஒன்றில் சோயா, ஒன்றில் மிளகாய். ஜப்பான் என்பது வெள்ளரியும் நண்டுக்குச்சியும் வைத்த சோற்று உருண்டை. நண்டுக்குச்சியில் நண்டு இல்லை, அரைத்த மீனில் மாவும் நிறமும் சேர்த்துச் செய்வது அது. சால்மன் எட்டு மணிக்கு வரும் என்றார்கள். ஒரு தட்டு வந்தது, முன்னால் நின்ற நாலைந்து பேரோடு தீர்ந்தது, மறுபடி வரவேயில்லை. செட்டிநாடு ஆட்டுக்கறி கடைசிவரை கண்ணில் படவில்லை. கேட்டால் “இன்றைக்கு இல்லை”. வட இந்தியாவுக்குச் சிவப்புச் சாயம் தோய்த்த கோழி இறக்கையும், காய்ந்த நான் ரொட்டியும்.

தட்டுகளுக்கு அடியில் எரிய வேண்டிய ஜெல் டப்பாக்கள் பாதிக்கு மேல் அணைந்து கிடந்தன. சூடான உணவை 60 பாகை செல்சியசுக்குக் குறையாமல் வைக்க வேண்டும், இல்லையென்றால் கிருமி பெருகும். அங்கே குழம்பில் ஆடை கட்டியிருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். பொறுக்க முடியாதது மேற்கத்திய உணவுப் பகுதியில் நடந்தது. கருமிளகு போட்ட இரண்டு தட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று கோழி, ஒன்று மாட்டிறைச்சி. பெயர்ச்சீட்டு எதிலும் இல்லை, இரண்டுக்கும் ஒரே கரண்டி. அம்மா கோழி என்று நினைத்து எடுத்து வந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டார். தட்டு எடுக்க வந்த பையன் பார்த்துவிட்டு, “பாட்டி, அது மாடு, தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டான். நல்ல பிள்ளை, அவன் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அம்மா தட்டை அப்படியே தள்ளி வைத்தார். வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அறுபது வருடம் காத்த விரதம் அது. பொறுப்பாளரைக் கூப்பிட்டுச் சொன்னோம். “தெரியாமல் எடுத்தால் நாங்கள் என்ன செய்வது?” என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

பில் வந்தது. சனிக்கிழமை விலை என்று ஆளுக்கு 48.90 போட்டிருந்தார்கள். பெரியவர் கணக்கில் 12 பேர், பாதி விலையில் 2 பேர், 635.70 வெள்ளி. சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, 63.57. வரி 6 விழுக்காடு, 38.14. கடைசியாக, மீதம் வைத்ததற்கு அபராதம் 30 வெள்ளி. எந்தத் தட்டு என்று கேட்டோம். அம்மா தள்ளி வைத்த தட்டு.

மொத்தம் 767.41. முன்பணம் போக மீதியைக் கட்டிவிட்டு வந்தோம், அம்மா முன்னால் சண்டை போட மனம் வரவில்லை. கணக்குப் போட்டதைவிட 300 வெள்ளி கூடுதல். 1,700 வெள்ளி குறைந்தபட்ச சம்பளத்தில் மாதம் 26 நாள் வேலை செய்பவருக்கு ஒரு நாளுக்கு 65 வெள்ளி சொச்சம்தான். நான்கரை நாள் உழைப்பு அந்த ஒரு ரசீதில் போயிற்று. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அண்ணன் ஈப்போவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். அன்று வர முடியவில்லை. பிறகு நாங்கள் எடுத்த படங்களைப் பார்த்தவர், “இத்தனை நாட்டுச் சமையலுக்கு அங்கே எத்தனை சமையல்காரர்?” என்றுதான் முதலில் கேட்டார். பஃபேவில் நன்றாக நிற்பது குழம்புச் சமையல் என்பார் அவர். ரெண்டாங் (தேங்காய்ப்பாலில் வற்ற வைக்கும் மலாய்க் கறி), குருமா, டால்சா (பருப்புக் குழம்பு), சாம்பார், தோம்யாம் (தாய்லாந்துப் புளிப்புக் காரச் சாறு) எல்லாம் சூட்டிலேயே இருந்தாலும் ருசி போகாது, ரெண்டாங்குக்கு ஊற ஊற ருசி கூடும். பிரியாணியும் சரியாக மூடி வைத்தால் தாங்கும். நான் ரொட்டி, தோசை, ஜப்பான்காரர் மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புரா, பொரித்த மீன் இதெல்லாம் அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வர வேண்டியவை, மூடி வைத்தால் நமுத்துப்போகும். சுஷிக்கு எதிரில் ஓர் ஆள் நின்று உருட்டிக் கொடுக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் சோறு இறுகும், வெளியில் வைத்தால் மீன் கெடும். ஆகவே மலாய் உணவும் நம் உணவும் மட்டும் போடுகிற கடை, எட்டு நாடு போடுகிற கடையைவிட நம்பத்தக்கது என்பது என் எண்ணமும்கூட. மேசையிலேயே கொதிக்கும் குழம்பில் நாமே வேக வைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட் பஃபே என்றால் எல்லாம் பச்சையாகக் கண் முன்னால் இருக்கும், இறால் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டே உட்காரலாம். ஆனால் அங்கும் குழம்புச் சட்டியும் வாட்டும் தட்டும் பொதுவில்தான், மாடோ பன்றியோ சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெரியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் வாழையிலைச் சாப்பாடே போதும். சோறும் காய்கறியும் அப்பளமும் கேட்கக் கேட்க வைப்பார்கள், கறிக்கு மட்டும் தனி விலை, எது என்ன என்று கேட்டால் சொல்ல எதிரிலேயே ஆள் இருக்கும்.

பஃபேதான் வேண்டும் என்றால், விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள். ஒன்று சேவைக் கட்டணம், இன்னொன்று சேவை வரி. சேவைக் கட்டணம் அரசாங்க வரி இல்லை, கடைக்காரர் வைப்பது. உணவகங்களுக்கான 6 விழுக்காட்டு சேவை வரியை வசூலிக்க, ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டி, சுங்கத்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் ரசீதில் இருக்கும். எங்கள் ரசீதில் எண்ணே இல்லை. சுங்கத்துறையின் மைஎஸ்எஸ்டி இணையத்தளத்தில் கடையின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். வார இறுதி விலை, கால அளவு, பிள்ளைகளுக்கு வயதா உயரமா, மீதத்துக்கு அபராதம் உண்டா, எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முன்பணம் அனுப்புவதற்கு முன் ஒரு மாலை நேரில் போய் மேசையைப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. பலகையையும் படம் எடுத்து வையுங்கள். அந்தப் படமும் வாட்ஸ்அப் பதிலும் ரசீதும்தான் இப்போது எங்கள் கையில் இருக்கிற பலம்.

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் விலை பற்றிப் புகார் கொடுத்தோம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்திலும் முதலாம் பாரத்தை (படிவத்தை) நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், வக்கீல் வைக்கத் தேவையில்லை, எதிர்த்தரப்பும் வைக்க முடியாது. தோட்டத்து ஆட்களுக்கு இது தெரியாது என்ற தைரியத்தில்தான் இப்படிச் செய்கிறார்கள். கூடுதலாக வாங்கிய பணத்தைக் கேட்டிருக்கிறோம். அம்மா தட்டுக்குப் போட்ட 30 வெள்ளியைத் தனியாக எழுதியிருக்கிறேன், அதை மட்டும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

உங்களில் யாருக்காவது இங்கே இதே போல் நடந்திருந்தால், நடந்து மூன்று வருடம் ஆகாமல் இருந்தால், நீங்களும் கோரிக்கை கொடுக்கலாம். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். பாரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டும், எழுதச் சிரமமாக இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.