கரூர் மருந்துக் கொசுவலை: எட்டு மாதம் கட்டிப் படுத்த பிறகு எழுதுகிறேன்

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கொசுவலை இருக்கிறது. ஒன்று கரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் 480 ரூபாய்க்கு வாங்கிய சாதா வலை. இன்னொன்று கொசுவைக் கொல்கிற மருந்து வலை, ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிற அதே ரகம். சித்தி மகள் கரூரில் இந்த வலை தைக்கிற இடத்தில் வேலை செய்கிறாள், அங்கே ஆட்களுக்கு விலைக்குக் கொடுத்தபோது எனக்காக ஒன்று எடுத்து வந்தாள். எட்டு மாதமாக இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டிப் படுத்திருக்கிறோம்.

பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதே பாலித்தீன் நூல், தொட்டால் கொஞ்சம் விறைப்பு, புதுசில் ஒரு லேசான வாடை. இந்த ரகத்தில் மருந்தை மேலே தெளிப்பது கிடையாது. பிளாஸ்டிக் குருணையை உருக்கி நூலாக இழுக்கும்போதே ஆல்ஃபா சைபர்மெத்ரின் என்ற கொசு மருந்தைக் கலந்துவிடுகிறார்கள், அதனால் துவைக்கும்போது மேலாக இருக்கிற மருந்து போனாலும் நூலுக்குள் இருப்பது மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும். 20 துவைப்பு, 3 வருடம் தாங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கொசு வலையில் வந்து உட்கார்ந்தாலே போதும். அப்புச்சி கட்டிலுக்கு அடியில் தினமும் காலையில் கூட்டும்போது பத்துப் பன்னிரண்டு செத்துக் கிடக்கும், சாதா வலை கட்டிய கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இருக்காது. வலைக்கு வெளியே ரீங்காரம் குறைந்ததும் உண்மை.

ஒரு எச்சரிக்கை. பிரித்த அன்றைக்கே கட்டிவிட்டோம், ராத்திரி முழுக்க எல்லோருக்கும் கன்னம் எரிந்தது. ஒரு நாள் முழுக்க நிழலில் விரித்துப் போட்டுவிட்டு அப்புறம்தான் கட்ட வேண்டும். வெயிலில் காயப்போடவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டெங்குவுக்கு பயந்து வாங்குகிறீர்கள் என்றால் இது பாதிதான் உதவும், டெங்கு கொசு பகலில் கடிக்கிறது. பகலில் தூங்குகிற கைக்குழந்தைக்குக் கட்டலாம், மற்றபடி தொட்டி, டிரம், பழைய டயரில் நிற்கிற தண்ணீரைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆனால் மலேரியா கொசு ராத்திரிக் கொசு. ஆப்பிரிக்காவில் அதைப் பரப்புகிற முக்கியமான இனங்கள் பெரும்பாலும் ஆள் தூங்கும்போது வீட்டுக்குள் வந்து கடிப்பவை, இந்த வலை அதற்கென்றே செய்தது. "ஏனுங்ணா, இத்தன வலையும் எங்கீங்ணா போகுது?" என்று சித்தி மகள் ஒருநாள் கேட்டாள். நாள் முழுக்க அதையே தைக்கிறவளுக்கு அதைச் சொல்ல ஒருத்தரும் இல்லை என்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. உட்காரவைத்துச் சொன்னேன். 2023இல் உலகத்தில் மலேரியா வந்தது சுமார் 26.3 கோடி தடவை, செத்தவர்கள் 5,97,000 பேர். அதில் நூற்றுக்கு 95 சாவு ஆப்பிரிக்காவில், அங்கே செத்தவர்களில் நாலில் மூன்று பங்கு ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தைகள். 2000 முதல் 2015 வரை அந்தக் கண்டத்தில் தடுப்பு வேலைகளால் 66.3 கோடி மலேரியா வராமல் போனது என்று ஒரு பெரிய ஆய்வு கணக்குப் போட்டது, அதில் 68 சதவீதம் வலையால் வந்த பலன். ஊசியில்லை, ஆஸ்பத்திரியில்லை, நம்மூரில் தைக்கிற மாதிரியான வலை. கேட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசவேயில்லை.

விலை பற்றி நான் சொல்ல வந்தது இதுதான். எனக்கு 480 ரூபாய் பெரிதில்லை, ஆப்பிரிக்காவில் ஏழை வீட்டுக்கு அப்படியில்லை. காசு கொடுத்து வாங்கினால்தான் மதித்துப் பயன்படுத்துவார்கள், இலவசமாகக் கொடுத்தால் மூலையில் போட்டுவிடுவார்கள் என்று ரொம்ப நாள் பெரிய இடத்திலேயே வாதம் நடந்தது. ஜெசிக்கா கோஹன், பாஸ்கலின் டூபா என்ற இரண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் கென்யாவில் கர்ப்பிணிகள் வருகிற கிளினிக்குகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில இடத்தில் இலவசம், சில இடத்தில் சின்ன விலை. வெறும் 60 அமெரிக்க சென்ட் வைத்ததுமே நூறு பேரில் வாங்குகிறவர்கள் 60 பேர் குறைந்துவிட்டார்கள், இலவசமாக வாங்கினவர்களோ காசு கொடுத்தவர்களுக்குக் குறையாமல் கட்டிப் படுத்தார்கள். அந்த 60 சென்ட் இல்லாத வீட்டுக் குழந்தைக்குத்தான் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரியும் தூரம். 2007இலேயே உலக சுகாதார நிறுவனம் இலவசமாக, இல்லையென்றால் பெருமளவு மானியத்தில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டது. இரண்டு பேருக்கு ஒரு வலை என்பது கணக்கு. ரேஷன் அரிசி வாங்கி வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குறையும் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் பல இடங்களில் கொசு இந்த வகை மருந்துக்குப் பழகிவிட்டது. அதனால் பிபிஓ என்ற துணைச் சரக்கைச் சேர்த்த வலை வந்தது, கொசு தன் உடம்புக்குள் மருந்தை முறிக்கிற வேலையை அது தடுத்துவிடும். கரூர்க்காரர்களும் அதைச் செய்கிறார்கள். குளோர்ஃபெனபைர் என்ற வேறு மருந்தும் சேர்ந்த வலையை 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. வெறும் ஒற்றை மருந்து வலையை மட்டும் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தால் சரியில்லை.

கிழிசல் விஷயம். எங்கள் வலை ஆறாவது மாதத்தில் கட்டில் ஆணியில் மாட்டிக் கட்டைவிரல் அளவுக்குக் கிழிந்தது. ஆப்பிரிக்காவில் களத்தில் பழைய வலைகளைச் சோதிக்கிறவர்களும் ஓட்டையை இப்படித்தான் அளக்கிறார்களாம்: கட்டைவிரல் நுழையுமா, கைமுட்டி நுழையுமா, தலை நுழையுமா. சித்தி மகள் பார்த்ததும் ஊசி நூல் கேட்டாள், ஐந்து நிமிடத்தில் இழுத்துத் தைத்துவிட்டாள். இப்போது அந்த இடம் எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

யாருக்கு எது? ராத்திரிக் கொசு தாங்கவில்லை, வயசானவர்கள் வெளித்திண்ணையில் படுக்கிறார்கள் என்றால் மருந்து வலை கிடைத்தால் விடாதீர்கள். நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாதா சோப்பில் துவைத்தால் போதும். துவைத்த தண்ணீரை வாய்க்காலிலோ குளத்திலோ விடாதீர்கள், மீன் செத்துவிடும்.