குடியுரிமைச் சான்று தரும் என்-600: தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து தத்துப் போனவர்களுக்கு இந்தச் சேவை எப்படி?

என்-600 குடியுரிமை கொடுக்கும் விண்ணப்பம் இல்லை. ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்ட குடியுரிமைக்குத் தாள் கொடுக்கும் விண்ணப்பம். அமெரிக்கக் குடியேற்றத் துறையின் இந்தச் சேவையைப் பற்றி வரும் குழப்பங்களில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இந்த இரண்டு மாவட்டங்களில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துப் போனவர்களின் பக்கத்திலிருந்து அதை எடைபோடுகிறோம். அவர்களுக்காக இங்கே தாள் தேடி அலையும் குழந்தைகள் இல்லப் பணியாளர், வக்கீல், தெரிந்தவர் ஆகியோரையும் மனதில் வைத்தே எழுதுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சேவை நல்லது, கிடைக்கும் சான்று காலாவதியாகாது. ஆனால் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் குத்தியிருக்கும் விசாவின் குறியீட்டைப் பார்க்காமல் இதில் இறங்கக் கூடாது.

அமெரிக்காவின் குழந்தைக் குடியுரிமைச் சட்டம் 2001 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. தத்துப் பெற்றோரில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். பிள்ளை நிரந்தரக் குடியிருப்பு விசாவில் வந்து அவர்களிடம் வளர வேண்டும். தத்து முழுமையாக முடிந்திருக்க வேண்டும். 18 வயது நிரம்புவதற்குள் இவை எல்லாம் ஒரே நேரத்தில் அமைந்தால், அந்த நாளிலேயே குடியுரிமை தானாக வந்துவிடும். விண்ணப்பம் வேண்டாம், உறுதிமொழியும் வேண்டாம்.

இப்போது விசாக் குறியீடு. ஐஆர்-3 அல்லது ஐஎச்-3 என்றால் தத்து இந்தியாவிலேயே முடிந்துவிட்டது என்று பொருள். 2004 ஜனவரியிலிருந்து இந்த வகையில் வரும் பிள்ளைகளுக்கு, கேட்காமலே குடியுரிமைச் சான்று தபாலில் வருகிறது. என்-600 தேவையே இல்லை. இதில் கெடுவது ஒன்றே ஒன்று: குடும்பம் வீடு மாறிவிடும், உறை திரும்பிப் போய்விடும். ஐஆர்-4 அல்லது ஐஎச்-4 என்றால் கதை வேறு. பிள்ளை பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டதே தவிர தத்து முடியவில்லை. அங்கே மாநில நீதிமன்றத்தில் தத்தை முடித்த பிறகுதான் குடியுரிமை. தீர்ப்பு வாங்காமலே 18 வயது தாண்டியிருந்தால் இந்தச் சட்டத்தின் கீழ் ஒன்றும் வந்திருக்காது.

நம் பக்கத்திலிருந்து போன பழைய தலைமுறையில் ஐஆர்-4 அதிகம் கண்ணில் படுவதற்குக் காரணம் நம் சட்டம்தான். 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு மட்டுமானது. வெளிநாட்டுக் கிறிஸ்தவத் தம்பதிக்கு இருந்த ஒரே வழி 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். அதில் கிடைத்தது கார்டியன்ஷிப் ஆர்டர். தத்து ஆர்டர் இல்லை. 1984இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளும் அந்தச் சட்டத்தை வைத்தே ஓடின. 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும் வந்த பிறகுதான் வெளிநாட்டவருக்கும் இங்கேயே முழுத் தத்து என்ற நிலை உறுதியானது. 2022 செப்டம்பர் 1 முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். ஆகவே இன்று தர்மபுரி ஆட்சியர் கையெழுத்துடன் போகும் பிள்ளைக்கு ஐஎச்-3. 1990களில் போனவருக்குப் பெரும்பாலும் ஐஆர்-4. கார்டியன்ஷிப் ஆர்டரைத் தத்து ஆர்டர் என்று நினைத்து என்-600உடன் இணைப்பது பெரிய தவறு. அதற்குத் தேவை அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பு.

பாஸ்போர்ட் தொலைந்துவிட்டால்? அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் அந்நாட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தன் கோப்பின் நகலைக் கேட்கலாம். ஆன்லைனில் போடலாம், விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. விசா வகை, வந்த தேதி, இங்கிருந்து போன ஆவணங்களின் நகல் எல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். இதைச் செய்யாமல் நேராக தர்மபுரிக்கு வந்து தாள் தேடுவது, வீட்டில் இருக்கும் சாவிக்குத் தெருவெல்லாம் தேடுவது மாதிரி.

அப்படியும் இங்கே தேடத்தான் வேண்டும் என்றால், முதல் சிக்கல் மாவட்ட எல்லை. தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று தர்மபுரியிலிருந்து பிரிந்தது. 1995இல் ஓசூரிலோ ஊத்தங்கரையிலோ பிறந்தவரின் தாளில் 'தர்மபுரி மாவட்டம்' என்றுதான் இருக்கும். இன்று எடுக்கும் நகலில் 'கிருஷ்ணகிரி' என்று வரலாம். அமெரிக்க அதிகாரிக்கு இது இரண்டு வெவ்வேறு பிறப்பிடமாகத் தெரியும். பழைய தாளைத் திருத்தப் போகாதீர்கள். மாவட்டம் பிரிந்த தேதியைச் சொல்லும் இரண்டு வரி விளக்கக் கடிதம் போதும்.

அடுத்தது எந்த அலுவலகம் என்பது. நகராட்சி மருத்துவமனையில் பிறந்திருந்தால் நகராட்சிப் பதிவேடு. கிராமத்தில் என்றால் முதலில் கிராம நிர்வாக அலுவலர், பழைய வருடங்களுக்குத் தாலுகா அலுவலகமும் சார்பதிவாளர் அலுவலகமும். பிறப்பு பதிவாகவே இல்லையென்றால், ஓராண்டு கடந்த பதிவுக்கு ஆணை வாங்க வேண்டும். 2023 அக்டோபர் முதல் அந்த அதிகாரம் ஆட்சியர், கோட்டாட்சியர் நிலையில் இருக்கிறது. முப்பது வருடம் கழித்துப் புதிதாகப் பதிந்த சான்றை மட்டும் அனுப்பினால் சந்தேகக் கேள்வி வரும். இல்லத்தின் சேர்க்கைப் பதிவேட்டு நகலையும் நீதிமன்ற உத்தரவையும் சேர்த்தே அனுப்புங்கள்.

தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வந்தவர்களுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. 1992இல் சேலத்தில் தொடங்கிய திட்டம் 2001இல் தர்மபுரிக்கும் வந்தது. தொட்டிலில் விடப்பட்ட குழந்தையின் பிறந்த தேதி மருத்துவர் கணித்தது. ஒரு தாளில் ஒரு தேதி, இன்னொன்றில் வேறு தேதி என்று இருந்தால், எந்தத் தேதி நீதிமன்ற உத்தரவில் ஏறியதோ அதையே எல்லா இடத்திலும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நீதிமன்ற நகல் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. குழந்தை இங்கே பிறந்திருந்தாலும் சென்னை நிறுவனம் வழியாகப் போயிருந்தால், உத்தரவு சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவில் இருக்கலாம். ஓசூர்ப் பக்கத்துக் குழந்தை பெங்களூரு இல்லம் வழியாகப் போயிருந்தால் அங்கே. ஓ.பி. எண்ணும் (நீதிமன்றத்தில் அந்த மனுவுக்குத் தந்த எண்) வருடமும் தெரியாமல் காப்பி அப்ளிகேஷன் போட்டுப் பயனில்லை. தத்துப் போனவர் இப்போது அமெரிக்கக் குடிமகன் என்றால் நம் தகவல் உரிமைச் சட்டத்தில் அவர் மனுப் போட முடியாது. அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். வக்கீலுக்குப் பவர் கொடுத்தால், அங்கே நோட்டரி, அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் அத்தாட்சி) முடித்து, தாள் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பெற்ற தாயைத் தேடும் வேர்த் தேடல் வேறு விஷயம். அதை மூன்றாம் ஆள் செய்ய விதி இடம் கொடுக்கவில்லை, குடியுரிமைச் சான்றுக்கு அது தேவையும் இல்லை. இரண்டையும் ஒரே பையில் போட்டு வசூலிக்கும் ஏஜென்ட்டுகளிடம் எச்சரிக்கை.

செலவில் வீணாகும் இடம் மொழிபெயர்ப்பும் அப்போஸ்டிலும். குடியேற்றத் துறைக்கு இந்தியத் தாளில் அப்போஸ்டில் தேவையில்லை. மொழிபெயர்ப்பில் நோட்டரி முத்திரையும் தேவையில்லை. தமிழ்த் தாளின் முழு ஆங்கில வடிவமும், 'இது முழுமையானது, சரியானது, மொழிபெயர்க்கும் தகுதி எனக்கு உண்டு' என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதியும் போதும். 'முழு' என்பதில்தான் டைப்பிங் கடைகள் சறுக்குகின்றன: ரப்பர் ஸ்டாம்ப், ஓரத்தில் எழுதிய குறிப்பு, பின்பக்கம் எதையும் விடக் கூடாது. தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள். 04-07 என்பதை நாம் ஜூலை 4 என்போம், அவர்கள் ஏப்ரல் 7 என்பார்கள். இன்ஷியலும் தொல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் மட்டும் இருந்து முதல் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகி, பிற்பாடு அதுவே முதல் பெயர் போல எல்லாப் பதிவிலும் ஒட்டிக்கொள்ளும். இல்லம் வைத்த பெயர், பாஸ்போர்ட் பெயர், தத்துப் பெயர் மூன்றையும் என்-600இல் பிற பெயர்கள் பகுதியில் எழுத வேண்டும்.

கட்டணம்: 2024 ஏப்ரல் 1 முதல் ஆன்லைனில் 1,335 டாலர், தாளில் 1,385 டாலர். இதைப் பார்த்தே பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் அதே திருத்தத்தில், குடியேற்றச் சட்டப்படி தத்துப் பிள்ளை என்ற வரையறைக்குள் வருபவருக்குக் கட்டணம் இல்லை என்று வைத்திருக்கிறார்கள்; இப்போது பெரியவராகிவிட்டவருக்கும் அது பொருந்தும். அனுப்பும் நாளில் கட்டணப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்தச் சேவையின் பெரிய குறை வேறு. ஒருமுறை நிராகரித்தால் புதிய என்-600 ஏற்க மாட்டார்கள். 30 நாளுக்குள் மேல்முறையீடு, அல்லது மறுபரிசீலனை மனு, அவ்வளவுதான் வழி. அரைகுறையாக ஆவணங்களை அனுப்பிப் பார்ப்போம், கேட்டால் கொடுப்போம் என்பது இங்கே செல்லாது.

அதனால் எங்கள் பரிந்துரை, முதலில் அமெரிக்கப் பாஸ்போர்ட். முதல்முறை எடுக்கும் பெரியவருக்கு 130 டாலரும் 35 டாலர் கூடுதலும். தத்துத் தீர்ப்பு, வந்திறங்கிய போது பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரை அல்லது கிரீன் கார்டு, பெற்றோரின் குடியுரிமைச் சான்று, அவர்களிடம் வளர்ந்ததற்குப் பள்ளிச் சான்று. ஏறக்குறைய என்-600க்கு வேண்டிய அதே ஆவணக் கட்டுதான். அமெரிக்க மாநிலம் கொடுக்கும் வெளிநாட்டுப் பிறப்புச் சான்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது குடியுரிமைக்குச் சான்றில்லை. பாஸ்போர்ட் வந்த பிறகும் என்-600 வேண்டுமா என்றால், வேண்டும். பாஸ்போர்ட் வெளியுறவுத் துறை தருவது. குடியேற்றத் துறையின் கணினியில் அவர் இன்னும் நிரந்தரக் குடியிருப்பாளராகவே நிற்பார்.

1983 பிப்ரவரி 27 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர்களுக்கு இந்த 2001 வழி திறக்காது. அவர்கள் பெயரில் பெற்றோர் அப்போதே தனியாக விண்ணப்பித்திருந்தால் சரி, இல்லையென்றால் குடியுரிமை கேட்டுப் போடும் என்-400 விண்ணப்பம் வழியாகத்தான் குடியுரிமை. அந்த வயது வரம்பை நீக்கும் மசோதா 2015 முதல் பலமுறை வந்தது. 2022இல் பிரதிநிதிகள் சபையில் வேறொரு பெரிய மசோதாவோடு சேர்ந்து நிறைவேறி, கடைசி வடிவத்தில் கழன்றுவிட்டது. தென்கொரியாவிலிருந்து குழந்தையாகப் போய், நடுவயதில் நாடுகடத்தப்பட்டவர்கள் உண்டு. குற்ற வழக்கு ஏதாவது இருந்தால் வக்கீல் இல்லாமல் எந்தத் தாளும் போடக் கூடாது. என்-400 போடுவதே கோப்பைத் திறந்துவிடும். தெரியாமல் ஓட்டுப் போட்டவர், குடிமகன் என்று எழுதிக் கொடுத்தவர் பயந்து ஒதுங்க வேண்டாம். பெற்றோர் இருவரும் குடிமக்கள், 16 வயதுக்குள் வந்து தங்கியவர், தன்னைக் குடிமகன் என்றே நியாயமாக நம்பியவர் என்றால் சட்டத்தில் விலக்கு இருக்கிறது.

சான்று கைக்கு வந்ததும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் காட்டிப் பதிவை மாற்ற வேண்டும். அது தானாக நடக்காது. பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிற்பாடு ஓசிஐ கார்டுக்கு (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) போகும்போது, இந்தியராக இருந்ததற்குக் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் அதுதான்.