பரங்கிக்காயா, அதன் விதையா?

100 கிராம் பரங்கிச் சதையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். கலோரி சுமார் 26தான். அதே எடை விதைப் பருப்பில் ஏறக்குறைய 560 கலோரி, 30 கிராம் புரதம். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

பார்வைக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யை உடல் உண்டாக்கிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் சதையில்தான் அதிகம். அது கொழுப்பில் கரைவது. கொழுப்பு சேராமல் வெறும் நீரில் வேகவைத்தால் உடல் அதைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் தாளித்து, தேங்காய்த் துருவல் சேருங்கள். தண்ணீர் வேண்டாம், மூடி வைத்தால் தன் நீரிலேயே வெந்துவிடும்.

புரதம், மக்னீசியம், துத்தநாகம் என்றால் விதைதான். 30 கிராம் பருப்பில் 9 கிராம் புரதமும் 150 மில்லிகிராமுக்கு மேல் மக்னீசியமும் உண்டு. இதைக் குப்பையில் கொட்டுவது பெரிய இழப்பு! நார் போகக் கழுவி, நன்றாகக் காயவைத்து, சிறுதீயில் படபடவென வெடிக்கும்வரை வறுக்கவும். தீ கூடினால் ஓடு கருகும், பருப்பு பச்சையாகவே நிற்கும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய்ச் சத்து மிகுதி என்பதால் வெளியே நாள்பட வைத்தால் சிக்கு வாடை வரும்; குளிர்பெட்டியில் வையுங்கள்.

எடை குறைக்க நினைப்பவர்களுக்குச் சதை. இறைச்சி உண்ணாதவர்களுக்கு தினம் ஒரு கைப்பிடி விதை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இரண்டுக்கும் மருத்துவரைக் கேட்கவேண்டும்: சதையில் பொட்டாசியம் உண்டு, விதையில் அதோடு பாஸ்பரஸும் அதிகம்.

காய் கசந்தால் உடனே எறிந்துவிடுங்கள். அது குக்கர்பிட்டசின் நச்சு. சமைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.