டைவெக் நோட்டு என்று சொல்லி 14,500 ரூபாய்க்குக் காகிதம் அனுப்பினான்

கொதிப்போடுதான் எழுதுகிறேன். வெளிநாட்டு நோட்டு சேகரிக்கிறவர்கள் படித்துவிடுங்கள். 14,500 ரூபாய் போச்சு.

பிளாஸ்டிக் நோட்டு என்றால் எல்லோரும் 1988-இல் வந்த ஆஸ்திரேலியப் பத்து டாலரைச் சொல்வார்கள். அதற்கு முன்பே, 80-களின் தொடக்கத்தில், டூபாண்ட் நிறுவனத்தின் டைவெக் என்ற பிளாஸ்டிக் நார்த் தாளில் ஹைட்டிக்கும் கோஸ்டா ரிகாவுக்கும் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி நோட்டு அடித்துப் பார்த்தது. 1983-இல் மேன் தீவின் ஒரு பவுண்டும் இதே மாதிரி ஒரு முயற்சிதான். நோட்டு கிழியவில்லை, ஆனால் மை நிற்காமல் ஈஷியது. கைவிட்டுவிட்டார்கள். இப்படித் தோற்றுப்போன நோட்டுகளைத்தான் நான் தேடுகிறேன். ஹைட்டி மட்டும் பாக்கி இருந்தது.

ஹைட்டியில் ஒரே டிசைன் காகிதத்திலும் உண்டு, டைவெக்கிலும் உண்டு. போட்டோவில் வித்தியாசம் தெரியாது. பழைய காசு, நோட்டு விற்கும் ஒரு செயலியில் இருந்தவனிடம் டைவெக்தானா என்று கேட்டேன். உடனே ஒரு வீடியோ அனுப்பினான். இரண்டு கையாலும் நோட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறான், கிழியவே இல்லை. “அண்ணே, இதுக்கு மேல என்ன வேணும்?” என்றான். நியாயம்தானே? நாலு நோட்டுக்குப் பணத்தைக் கட்டினேன். வீடியோவில் நோட்டின் எண் மேல் அவன் கட்டைவிரல் இருந்தது. அது தற்செயல் இல்லை என்று இப்போது தெரிகிறது.

பார்சல் வந்ததும் விளக்குக்கு நேரே பிடித்தேன். டைவெக் என்றால் உள்ளே நார்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சுழித்து ஓடும். இதில் ஒன்றுமே இல்லை. நாலு நோட்டும் சாதாரணக் காகிதம். ஒன்றின் ஓரத்தில் ஏற்கெனவே சின்னக் கிழிசல் வேறு!

கேட்டால், “கூரியர்ல மாறியிருக்கும்ணே” என்றான். அப்புறம் “வெயிலுக்கு அப்படி ஆயிடும்” என்றான். அப்புறம் பிளாக். செயலிக்காரர்களோ, சேகரிப்புப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது, படத்தில் இருந்த டிசைன்தானே வந்திருக்கிறது என்கிறார்கள். நான் டிசைனுக்கா 14,500 கொடுத்தேன்?

எப்படி வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. வீடியோவில் நோட்டின் எண் தெளிவாகத் தெரிய வேண்டும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். பார்சல் பிரிப்பதைப் படம் எடுங்கள். ஏமாந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் அடியுங்கள். நானும் புகார் கொடுத்திருக்கிறேன்.

இன்று காலை வேறு பெயரில், அதே கட்டைவிரல் வீடியோவைப் போட்டு மறுபடி ஹைட்டி நோட்டு விற்கிறான். யாரும் வாங்காதீர்கள்.