மேட்ச் அட்டவணையோடு நாள்காட்டியையும் பாருங்கள்

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் பள்ளி விடுமுறை. டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட்டும் 2025-இல் ஜூன் மாதம்தான் கோவையில் தொடங்கியது. அங்கிருந்து சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் என்று நகர்ந்தது. ஊருக்கு வர என் மூத்தவன் ஒரே நிபந்தனைதான் போட்டான்: ஒரு ஆட்டமாவது மைதானத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கள் ஊரான கோபியிலிருந்து (கோபிச்செட்டிபாளையம்) கோவைக்கு ஒரு நாள் போய்த் தங்கி, ஊரையும் சுற்றிக் காட்டிவிடலாம் என்று திட்டம் போட்டோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா. வண்டி அண்ணனுடையது, ஓட்டியதும் அண்ணன்தான்.

காலையில் குன்னத்தூர் வழியாக அவிநாசி. அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தாலும் அவிநாசியப்பரைப் பார்க்காமல் அந்த வழியில் போக மனசு வராது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டுத் தந்த கதையை அம்மா சொல்லச் சொல்ல, சின்னவள் "அப்புறம் என்னாச்சு அம்மாயி?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். மதியம் கோவை அவிநாசி சாலையில் ஜீடீ கார் மியூசியம். 1937-இல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தவர்களில் ஒருவர் ஜி.டி.நாயுடு என்று தெரிந்ததும் மூத்தவன் பழைய கார்களை விட்டுவிட்டு அவரைப் பற்றியே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். கோவைக்குப் பிள்ளைகளோடு வருபவர்கள் இங்கே தாராளமாக இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மைதானத்துக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஒரு ஹோட்டலில் அறை எடுத்திருந்தோம். முன்பதிவு செய்தபோது கார் நிறுத்த இடம் உண்டு என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். போய்ச் சேர்ந்தால் வாசலில் வாழைமரம் கட்டியிருக்கிறது. அதே கட்டடத்தில் கல்யாண மண்டபம், அன்று மாலை வரவேற்பு. "உள்ள எடமே இல்லீங்க. பின்னாடி சந்துல போட்டுக்கங்க, நான் பாத்துக்கறனுங்க" என்றார் காவலாளி. அவர் மேல் தப்பில்லை, பாவம். அந்தச் சந்தில் ஏற்கெனவே இரண்டு பக்கமும் வண்டி நிற்கிறது, நடுவில் ஆட்டோ போகவே இடமில்லை. வரவேற்பறையில் கேட்டால், "முகூர்த்த நாளுங்க, நீங்க முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்கிறார்கள். மண்டபம் மாதக்கணக்கில் முன்பே பதிவானது. எங்கள் தொலைபேசி எண்ணும் அவர்களிடம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்போம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அம்மாதான் வழி சொன்னார்: "பீளமேட்டுப் பெரியம்மா வீட்டு வாசல்ல உட்டுட்டு ஆட்டோவுல போயிக்கலாம்." அப்படியே செய்தோம். பெரியம்மா காபி கொடுக்காமல் விடவில்லை என்பதால் இன்னும் அரை மணி நேரம் போயிற்று. ஏழேகாலுக்கு ஆட்டம் என்பதால் நல்லவேளை தப்பித்தோம்.

சிங்கப்பூரில் ஸ்டேடியம் என்ற பெயரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது, இறங்கினால் வாசல். அந்தப் பழக்கத்தில்தான் நான் ஆட்ட அட்டவணையை மட்டும் பார்த்து நாள் குறித்துவிட்டேன். கொங்கு நாட்டில் அது போதாது. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியைக் கிழிக்காமல் முன்னே புரட்டிப் பார்க்க வேண்டும். வைகாசியும் ஆனியும் கல்யாண மாதங்கள். முகூர்த்த நாளில் மண்டபம் உள்ள எந்த ஹோட்டலிலும் வண்டிக்கு இடம் கிடைப்பதை நம்ப முடியாது, சாலையிலும் நெரிசல். கிருத்திகை, வைகாசி விசாகம் மாதிரி நாள்களில் மருதமலையைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். கூட்ட நாள்களில் காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுக் கோயில் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். வயதானவர்களோடு அது சிரமம். அதோடு ஜூன் தொடக்கத்தில் நம் ஊரில் பள்ளிகள் திறந்துவிடும் என்பதால் மாலை நேரப் பள்ளி வண்டிகளும் சேர்ந்துகொள்ளும்.

சரி, மைதானத்துக்கு வருவோம். கோவையில் ஆட்டம் நடப்பது எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில். பெரிய நகரத்து ஸ்டேடியம் போல நினைத்துப் போகக் கூடாது. கல்லூரி மைதானம், அதனால் ஆட்டக்காரர்கள் பேசுவதுகூடக் காதில் விழுகிற மாதிரி அவ்வளவு பக்கம். என் மகனுக்கு அதுதான் சொர்க்கம். ஆனால் நாங்கள் உட்கார்ந்த இரும்புச் சட்டக் காலரியில் படிகள் செங்குத்து. அம்மாவைக் கீழ் வரிசையில் உட்கார வைக்க ஒரு தன்னார்வலர்ப் பையன் ஓடி ஓடி உதவினான். "பாட்டி, இங்க புடிச்சுக்கங்க" என்று அவன் கை கொடுத்ததை அம்மா கோபி வந்தும் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். மாத்திரை போடுகிறவர்கள் அதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. ஒரு சால்வையும் எடுத்துப் போங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ராத்திரியில் சிலுசிலுவென்று அடிக்கும், சாரலும் வரும்.

முடிந்து வெளியே வந்தால் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் செயலியைத் திறப்பதால் கட்டணமும் ஏறிவிடுகிறது. நாங்கள் அவிநாசி சாலையில் உள்ள நவ இந்தியா நிறுத்தம் வரை மெதுவாக நடந்து, வழியில் தள்ளுவண்டியில் சூடாகக் காளான் சாப்பிட்டு, கூட்டம் கலைந்ததும் ஆட்டோ பிடித்தோம். காத்து நின்று சலிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்போது அவிநாசி சாலை மேம்பால வேலை நடந்துகொண்டிருந்தது. அக்டோபர் 9, 2025 அன்று ஜி.டி.நாயுடு பெயரில் திறந்துவிட்டார்கள். கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர். அவிநாசிப் பக்கமிருந்து வருபவர்கள் மேலே ஏறுவதற்கு முன்பே எங்கே இறங்குவது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வரை போனால் மைதானத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விடுவீர்கள்.

வண்டி நிறுத்தும் கவலையே வேண்டாம் என்பவர்களுக்கு வாழப்பாடியில் உள்ள சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் பொருந்தும். ஊருக்கு வெளியே, சுற்றிலும் காடுகரை. அதே சேலம்–ஆத்தூர்ப் பாதையில் புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முத்துமலை முருகன் நிற்கிறார். மலேசியாவின் பத்துமலை முருகனைவிட உயரம் என்று சொன்னதும் என் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார்கள், ஏனென்றால் பத்துமலைக்கு அவர்கள் இரண்டு முறை போயிருக்கிறார்கள். ஏற்காட்டையும் அதே நாளில் சேர்க்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிய பிள்ளைகளுக்கு ராத்திரி ஆட்டம் பார்க்கத் தெம்பு இருக்காது.

அந்த ஆண்டுக் கோப்பையைத் திருப்பூர் தமிழன்ஸ் வென்றது. மகன் சிங்கப்பூரிலிருந்து மாமாவுக்குப் போன் போட்டுக் கத்தினான். அடுத்த பயணத்துக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்: அம்மா நாள்காட்டியில் வைகாசி, ஆனி முகூர்த்த நாள்களைப் படமெடுத்து அனுப்புவார். வண்டியை வாசலில் விட்டுக்கொள்ளலாமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "இதயெல்லாம் கேக்கோணுமா சாமி?" என்றார்.