நத்தையா, மண்புழுவா, கொசுப்புழுவா?

அக்கா மகளுக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஒரே தொந்தரவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எளிய உயிர்களும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் என்பதை நேரில் செய்து காட்டுவேன் என்று பிடிவாதம். பாடப்புத்தகம் இதைப் ‘பழகிப்போதல்’ என்கிறது. கோத்தகிரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கேரட் தோட்டத்தைச் சுற்றித் தகர டப்பா கட்டித் தொங்கவிட்டால் காட்டுப்பன்றி முதல் சில இரவு ஓடும். அப்புறம் அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே தோண்டித் தின்னும். பன்றியை மேஜைமேல் ஏற்ற முடியாது என்பதால் சின்ன உயிர்களாகப் பார்த்தோம்.

அவளுடைய முதல் தேர்வு தொட்டாற்சுருங்கி. அது விலங்கே இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், செடியைச் சட்டியோடு 15 செ.மீ. உயரத்திலிருந்து பலமுறை விழவிட்டபோது இலைகள் மூடுவதை நிறுத்திக்கொண்டன. அதைக் கற்றல் என்று சொல்லலாமா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. எங்களுக்கு இடித்தது வேறு: மூடிய இலை விரியப் பல நிமிடம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் அதுவரை நிற்பார்களா?

கொசுப்புழு பார்க்க வேடிக்கை. வாளிமேல் கை நிழல் பட்டால் கூட்டமாகத் தலைகீழாய் ஆழத்துக்கு ஓடும். ஏழெட்டு முறை நிழல் காட்டினால் பாதி அசையாது. ஆனால் அசையாதது எது, இப்போதுதான் மூச்சுவிட மேலே வந்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்குள், வீட்டுக்குள் கொசு வளர்க்கிறோமா என்று அக்கா ஆய்வுக்கூடத்தையே சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள். அவள் செய்ததுதான் சரி.

மண்புழு நல்ல மாணவன். தொட்டதும் சட்டென்று உடம்பைச் சுருக்கும், அந்தச் சுருக்கம் சீக்கிரமே தணிந்தும்விடும். தொந்தரவு என்னவென்றால் அதன் தோல் ஈரமாகவே இருக்க வேண்டும். காய்ந்த புழு சுருங்காமல் கிடந்தால் அது பழகியதா, வாடியதா?

மிஞ்சியது நத்தை. மழை விட்ட காலையில் முட்டைகோஸ் இலைக்கு அடியில் ஒன்று கிடைத்தது. நான்கு கொம்பு, மேலே உள்ள நீளமான இரண்டின் நுனியில் கண். ஈர்க்குச்சியால் மேல்கொம்பை மெல்லத் தொட்டால், கையுறை விரலை உட்புறமாக இழுத்ததுபோல் நுனி முதலில் உள்ளே சுருண்டு போகும். அப்புறம் மெதுவாக, கரும்புள்ளி மாதிரி அந்தக் கண் மேலேறி வரும். பத்து விநாடிக்கு ஒருமுறை தொட்டோம். பன்னிரண்டாவது தொடுதலில் பாதிக் கொம்புதான் போனது. இருபதில் லேசாக ஒரு நடுக்கம், அவ்வளவே.

“மாமா, அதுக்குக் களைச்சுப் போயிருக்கும். இதுல என்ன படிப்பு இருக்கு?” என்றாள்.

கேள்வி சரியானது. எந்த உயிர் தோது என்பதை முடிவு செய்வதும் அந்தக் கேள்விதான். களைப்பா, பழக்கமா என்று சோதிக்க ஒரு வழி உண்டு: இடையில் வேறு ஏதாவது செய்து திடுக்கிட வைப்பது. தட்டின் ஓரத்தில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினேன். அடுத்து ஈர்க்குச்சி பட்டதும் கொம்பு முழுதாக உள்ளே போய்விட்டது. தசை களைத்திருந்தால் போயிருக்காது. தோல் மரத்திருந்தாலும் போயிருக்காது. மற்ற மூன்றிலும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்ட எங்களால் முடியவில்லை.

நரம்பியல் அறிஞர் எரிக் காண்டெல் கடல் நத்தை வகையான அப்ளிசியாவை எடுத்துக்கொண்டதும் இப்படியான தெளிவுக்காகத்தான். அதற்கு ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களே உண்டு. சில வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை. நீர்க்குழலைத் தொட்டால் செவுளை உள்ளிழுக்கும். தொடத் தொட, உணர்வு நரம்பணு தசையை இயக்கும் நரம்பணுவுக்கு அனுப்பும் வேதித்தூது குறைந்துகொண்டே போகிறது. செய்தி நலிவது அந்த இணைப்பில்தான். நரம்பு மண்டலத்தில் தகவல் கடத்தப்படுவது பற்றிய ஆய்வுகளுக்காக 2000இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வெறும் 302 நரம்பணுக்கள் கொண்ட சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழுகூட, அது கிடக்கும் தட்டைத் தட்டினால் பின்னோக்கி நெளியும். தட்டிக்கொண்டே இருந்தால் அதைக் குறைத்துக்கொள்ளும். அடுத்தடுத்துத் தட்டினால் சீக்கிரம் பழகும், அதே வேகத்தில் பழைய நிலைக்கும் திரும்பும். இடைவெளி விட்டுத் தட்டினால் பழகுவதும் மெதுவாக, மீள்வதும் மெதுவாக.

அப்ளிசியாவுக்கு நாளைக்குப் பத்துத் தொடுதலாக நான்கு நாள் கொடுத்தபோது மூன்று வாரம் கழித்தும் அந்தப் பழக்கம் தெரிந்தது. இதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. ஓட்டின்மேல் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து, துளையிட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலில் கோஸ் இலையோடு நத்தையை வைத்திருக்கிறாள். நேற்று காலை முதல் தொடுதலுக்கே கொம்பு முழுதாக உள்ளே போனது. முந்தின நாள் படித்ததெல்லாம் போச்சு என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். இன்று மூன்றாம் நாள். ஈர்க்குச்சியும் நோட்டுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். கரண்டியை மட்டும் யாரும் எடுக்கக் கூடாதாம்.